சக்கரம் நிற்கும் நேரத்துக்கு யார் காசு? லாரி ஓட்டுநரின் வேலை வாய்ப்புகளும் வருமானக் கணக்கும்

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரி ஓட்டுநரிடம் மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டால், ஒற்றை எண்ணாகப் பதில் வருவது அரிது. படி எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை நடை, சாப்பாடு யார் பொறுப்பு, டீசல் மிச்சம் யாருக்கு, ரிட்டர்ன் லோடு எத்தனை நாளில் கிடைத்தது என்று அந்தப் பதில் கிளை பிரிந்துகொண்டே போகும். கேட்பவருக்கு இது மழுப்பலாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தொழிலின் கூலி முறையே அப்படிக் கிளை பிரிந்துதான் கிடக்கிறது. 'மாதம் இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் வரும் ஆள் தேவை விளம்பரங்கள் இந்தக் கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டு ஒரு பெரிய தொகையை மட்டும் காட்டுகின்றன. அந்த 'வரை' என்ற சொல்லுக்குள் எத்தனை நாள் காத்திருப்பு இருக்கிறது என்பதுதான் வேலையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய விஷயம்.

லாரி ஓட்டுநரின் நாளில் சக்கரம் உருளும் நேரம் ஒன்று, சக்கரம் நிற்கும் நேரம் ஒன்று. கிடங்கு வாசலில் ஏற்றுவதற்கு முறை வரும்வரை நிற்பது, இறக்கும் இடத்தில் லோடுமேன் வரும்வரை நிற்பது, திரும்பும் சரக்குக்காகப் புக்கிங் ஆபீஸ் முன்னால் நிற்பது, நகருக்குள் லாரி நுழையத் தடை உள்ள பகல் நேரம் முழுவதும் புறவழிச்சாலையில் நிற்பது என்று அந்த இரண்டாம் வகை நேரம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஓட்டுநர் வேலைகளுக்குள் இருக்கும் வருமான வேறுபாட்டில் பெரும்பங்கு, இந்த நிற்கும் நேரத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கணிப்பு. வண்டியின் அளவும் தூரமும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

நெடுந்தூர லாரிகளில் கூலி கொடுக்கும் முறைகள் நடைமுறையில் பெரும்பாலும் நான்கு. மாதச் சம்பளத்தோடு தினப்படி கொடுப்பது முதல் முறை. வாடகையில் ஒரு சதவீதத்தை ஓட்டுநருக்குக் கொடுப்பது இரண்டாவது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது மூன்றாவது. டீசல், டோல், வழிச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, மிச்சப்படுவது உன்னுடையது என்று அனுப்பிவிடுவது நான்காவது. இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்தும் வரும். சதவீத முறையில் ஓட்டும் ஒருவருக்கே டீசல் மிச்சத்தில் பங்கு உண்டு என்று தனியாக ஒரு பேச்சு இருக்கலாம்.

கணக்கு விளங்குவதற்காக வட்டமான எண்களோடு ஒரு மாதிரி நடையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். போகும் வாடகை, வரும் வாடகை இரண்டும் சேர்ந்து ரூ.1,10,000 என்றும், ஓட்டுநருக்கு அதில் பத்து சதவீதம் என்றும், சாப்பாடும் குளியலும் அவர் செலவு என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு அவருக்கு வருவது ரூ.11,000. மும்பையில் இறக்கிய மறுநாளே ரிட்டர்ன் லோடு கிடைத்து ஒன்பது நாளில் ஊர் திரும்பினால், நாளுக்கு ரூ.350 வீதம் ரூ.3,150 செலவு போக மீதி ரூ.7,850, அதாவது நாளொன்றுக்கு ரூ.870-க்குச் சற்று மேல். அதே நடையில் ரிட்டர்ன் லோடுக்காக ஐந்து நாள் கூடுதலாக நிற்க நேர்ந்தால் பதினான்கு நாளாகிவிடும். சாப்பாட்டுச் செலவு ரூ.4,900 ஆகும், மீதி ரூ.6,100, நாளொன்றுக்கு ரூ.435. வண்டி அதே வண்டி, தூரம் அதே தூரம், சதவீதமும் மாறவில்லை. ஐந்து நாள் நின்றதில் நாள் கூலி பாதியாகிவிட்டது. நின்ற ஐந்து நாளுக்கு ஓட்டுநருக்குக் கூலி வராததோடு, அவர் தன் கையிலிருந்து சாப்பிட்டும் இருக்கிறார்.

சரக்கு அனுப்பியவர் வண்டியைத் தாமதப்படுத்தினால் 'ஹால்டிங்' என்ற பெயரில் நாளுக்கு ஒரு தொகை வாங்குவது வழக்கம். அந்தத் தொகை பெரும்பாலும் வண்டி உரிமையாளருக்கும் சரக்குக்காரருக்கும் இடையிலான கணக்கு. அதில் ஓட்டுநருக்குப் பங்கு உண்டா என்பது வேலைக்குச் சேரும்போது கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி, பலரும் கேட்பதில்லை.

டீசல் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று உரிமையாளர் கணக்கு வைத்திருந்தால், போய்வரும் 2,500 கிலோமீட்டருக்கு 625 லிட்டர். ஓட்டுநர் பதமாக ஓட்டி 4.2 எடுத்தால் 595 லிட்டரில் முடித்துவிடுவார். லிட்டர் ரூ.92 என்றால், மிச்சமான 30 லிட்டரின் மதிப்பு ரூ.2,760. 'லைன்' என்று சொல்லப்படும் நெடுந்தூர லாரி ஓட்டத்தில், நல்ல ஓட்டுநரின் கைத்திறனுக்கு நேரடியாகக் காசு கிடைக்கும் ஒரே இடம் இதுதான். மேட்டில் கியரை எங்கே குறைப்பது, இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பிலேயே வண்டியை எப்படி இறக்குவது என்று தொப்பூர் கணவாயில் பல வருடம் ஓட்டிப் பழகியவருக்கும் புதிதாக வந்தவருக்கும் இந்த முப்பது லிட்டரில் வேறுபாடு தெரிந்துவிடும். எங்கே நின்று டீசல் போடுவது என்பதும் இதில் சேர்த்தி. கர்நாடகத்தில் விலை குறைவாக இருக்கும் காலங்களில் ஓசூரைத் தாண்டும்வரை டேங்கை நிரப்பாமல் ஓட்டுவது லைன் ஓட்டுநர்களின் பழைய பழக்கம்.

இந்தத் தொழிலுக்குள் நுழையும் வழி முன்பைவிட இப்போது சற்று அகலம். மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பிறகே அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019-ல் நீக்கப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் ஓட்டுபவர்களுக்கு விபத்துக் காப்பீட்டில் இருந்த பெரிய சிக்கல் ஒன்று அதனால் தீர்ந்தது. சின்ன வண்டியில் வருமானம் குறைவு. இரவில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். நாமக்கல் பகுதியில் முட்டை ஏற்றிக் கேரளத்துக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் போகும் வண்டிகள் இதற்கும் லைன் லாரிக்கும் நடுவில் நிற்பவை. முட்டை உடையும் சரக்கு, வாங்குபவர் காத்திருக்கும் சரக்கு. அதனால் ஏற்றுவதும் இறக்குவதும் குறித்த நேரத்தில் நடந்துவிடுகின்றன.

கனரக உரிமம் பெற்றபின் வழிகள் பிரிகின்றன. அவற்றில் நாமக்கல்லுக்கே உரிய வழி எல்.பி.ஜி. டேங்கர். தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டது. மங்களூரு, கொச்சி, எண்ணூர், விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் ஏற்றி, சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்குக் கொண்டுபோகும் டேங்கர்களில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் டேங்கருக்கான வாடகையைப் போய்வரும் தூரம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. எரிவாயுவை இறக்கிய டேங்கரில் திரும்பும்போது வெங்காயம் ஏற்ற முடியாது அல்லவா? வெறும் வண்டியாகத் திரும்புவதும் வாடகைக்குள் அடங்கிவிடுவதால், ரிட்டர்ன் லோடு தேடும் ஐந்து நாள் இங்கே இல்லை. டேங்கர் ஓட்டுநரின் வருமானம் நிதானமாக வருவதற்கு, சரக்கின் ஆபத்தைவிட இந்த வாடகை முறையே பெரிய காரணம்.

அதற்கு ஈடாக நிபந்தனைகள் கூடுதல். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுபவருக்கு, ஓட்டுநர்கள் 'ஹசார்டஸ்' என்று சுருக்கிச் சொல்லும் தனித் தகுதி உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் பயிற்சியும் சான்றிதழும் தேவை. ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதி கேட்கிறது. சாதாரணப் போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டு செல்லும் என்றால், இந்தத் தகுதி மூன்றாண்டுதான் செல்லும். 2025 மார்ச் இறுதியில் நடந்த டேங்கர் வேலைநிறுத்தம், புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து நடந்தது. மாற்று ஓட்டுநரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிட்டால் அபராதம் என்ற விதியும் அந்தச் சர்ச்சையில் இருந்தது. உரிமையாளருக்கு அது செலவுக் கணக்கு. ஓட்டுநரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாவது ஆள் இருப்பது தூக்கம். நாடெங்கும் ஓட அனுமதி பெற்ற மற்ற நேஷனல் பர்மிட் லாரிகளுக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்றிருந்த விதி 2018-லேயே எடுக்கப்பட்டுவிட்டதால், பல லைன் வண்டிகளில் இன்று ஒருவரே ஓட்டி, ஒருவரே தார்ப்பாய் கட்டி, ஒருவரே காவல் இருந்து தூங்குகிறார். இரண்டு பேர் பங்கு ஒருவருக்கு வருகிறது என்று இதைச் சாதகமாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது உடம்பை விற்று வரும் பங்காகவே படுகிறது.

கன்டெய்னர் ட்ரெய்லர் இன்னொரு உலகம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி துறைமுகங்களை நம்பி ஓடும் இந்த வண்டிகளில் தூரம் சில நேரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். கூலி நடைக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆகவே ஒரு நாளில் இரண்டு நடை போட முடிந்தவருக்கும் ஒரு நடைக்கே ஒன்றரை நாள் ஆனவருக்கும் வேறுபாட்டை உண்டாக்குவது துறைமுக வாசலின் வரிசைதான். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனவர்கள் அந்த வரிசையைப் பார்த்திருப்பார்கள்: ஸ்டீயரிங் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒருவர், கேபினுக்குக் கீழே நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கும் இருவர், வரிசை நகர்ந்துவிடுமோ என்று கழிப்பறை தேடிப் போகவும் தயங்கும் ஒருவர். துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் மேம்பாலச் சாலை 2009-ல் தொடங்கி, 2012-ல் நின்று, வடிவம் மாற்றி 2022-ல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டம். அது இழுத்த ஆண்டுகளைப் பொறியியல் தாமதமாக நாம் செய்தியில் படிக்கிறோம். ட்ரெய்லர் ஓட்டுநர் அதைப் போட முடியாமல் போன இரண்டாவது நடையாகக் கணக்கு வைத்திருக்கிறார்.

ட்ரெய்லரிலேயே காற்றாலை இறக்கை, பெரிய மின்மாற்றி போன்ற நீளமும் எடையும் மிகுந்த சரக்குகளை ஏற்றுவோர் தனி இனம். தூத்துக்குடித் துறைமுகத்துச் சாலைகளில் பேருந்துகள் பலவற்றை வரிசையாக நிறுத்தியது போன்ற நீளத்தில் காற்றாலை இறக்கை மெல்ல ஊர்ந்து வருவதைக் காணலாம். திருப்பத்தில் பின்சக்கரம் எங்கே வரும் என்ற கணக்கு மனதிலேயே ஓடும் ஆட்கள் குறைவாகவே இருக்கிறார்கள். ஆகவே கூலியைப் பேசி வாங்கும் பலம் அவர்களுக்கு உண்டு. வண்டி நிற்கும் நாளுக்கும் படி வேண்டும் என்று நிபந்தனை வைக்கவும் அவர்களால் முடிகிறது. திறமை அரிதாக இருக்கும் இடத்தில் நிற்கும் நேரமும் விலை பெறுகிறது.

கல்குவாரி டிப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் வேலை, நடைக்குக் கூலி, ஆகவே வேகம். அந்த வேகத்தின் விலையைச் செய்தித்தாள்களில் தினமும் படிக்கிறோம். திருச்செங்கோட்டின் ரிக் வண்டி வேறு மாதிரி. ஆழ்துளைக் கிணறு போடும் குழுவோடு வட மாநிலங்களுக்குப் போனால் பல மாதம் கழித்தே ஊர் திரும்ப முடியும். அங்கே ஓட்டுநர் குழுவில் ஒருவர். சமையல், சாப்பாடு குழுவோடு. போட்ட அடிக்கு ஏற்ற கமிஷனும் மாதச் சம்பளமும் கலந்து வரும். கையில் செலவு குறைவதால் மிச்சம் கூடும். மழைக்காலத்தில் வேலை குறைந்துபோகும்.

பார்சல் நிறுவனங்கள், வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கொண்டுபோகும் ஒப்பந்த வண்டிகள், இணைய வணிகக் கிடங்குகளுக்கு இடையே ஓடும் மூடிய கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றில் மாதச் சம்பளமும் தினப்படியும் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மறுபடியும் மாதிரிக்காக ரூ.18,000 சம்பளம், வெளியில் இருக்கும் 25 நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.400 படி என்று வைத்தால் மாதம் ரூ.28,000. மேலே பார்த்த சதவீதக் கணக்கில் ஒன்பது நாள் நடை தடையின்றித் தொடர்ந்தால் செலவு போக மாதம் ரூ.26,000 வரும், பதினான்கு நாள் நடை என்றால் ரூ.13,000. சம்பள வேலையின் படியிலிருந்தும் சாப்பாடு போக வேண்டும் என்பதைக் கழித்துப் பார்த்தால், எல்லாம் கைகூடிய மாதத்தில் லைன் லாரி முந்தும். மற்ற மாதங்களில் சம்பள வேலை முந்தும். சங்ககிரியில் அனுபவசாலிகள் இளையவர்களிடம் 'நல்ல மாசத்தை வெச்சுக் கணக்குப் போடாதே' என்று சொல்வதன் பொருள் இதுவே. ஆனால் நேரம் தவறினால் அபராதம், வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். பார்த்து வரும் போன், ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா ஆகியவை சம்பள வேலையோடு சேர்ந்தே வருபவை. 'வண்டி என் கையில்' என்ற சுதந்திரத்துக்காக லைன் லாரியை விடாதவர்கள் நிறையப் பேர்.

சட்டம் இதில் எங்கே இருக்கிறது? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூர வண்டிகளுக்கு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி வரை விட்டுக்கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையது. ஒரு லாரி, ஓர் ஓட்டுநர், ஒரு கிளீனர் என்றால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டபோது வரம்பு பத்துத் தொழிலாளர்களாக உயர்ந்தது. ஆக, ஒரு ஓட்டுநர் வேலையை ஒப்பிடும்போது முதலாளியிடம் எத்தனை வண்டி ஓடுகிறது என்று கேட்பது வெறும் விசாரிப்பு ஆகாது. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. போன்றவை கிடைக்குமா என்பதும் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. சிறு உரிமையாளரிடம் இருப்பவர்கள் தமிழ்நாட்டின் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலாவது பதிந்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவற்றுக்கு அது வழி.

விபத்துப் பொறுப்பும் கூலிக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவு. கவனமின்றி ஓட்டி ஒருவரின் சாவுக்குக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாட்களில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. அதே ஆண்டு ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின்போது ஓட்டுநர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடிக்கும் என்பது.

அரசு வேலை பக்கம் வந்தால் கணக்கு ஒரேயடியாக எளிதாகிறது. தமிழ்நாடு அரசுத் துறைகளில் ஓட்டுநர் பணிக்கு அடிப்படை ஊதியம் ரூ.19,500-ல் தொடங்குகிறது, 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் வீட்டு வாடகைப்படிக்கு முன்பே ரூ.30,810. அதிகாரியை இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் வேப்ப மரத்தடியில் காத்திருந்தாலும் அது சம்பளத்துக்குள் அடக்கம். இந்தத் தொழிலில் நிற்கும் நேரத்துக்கு முழு விலை கிடைக்கும் இடம் இதுவே. இடங்கள்தான் குறைவு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2025-ல் ஓட்டுநர்-நடத்துநர் பணிக்கு 3,274 இடங்களை அறிவித்தபோது, பத்தாம் வகுப்பும் கனரக உரிமமும் நடத்துநர் உரிமமும் சேர்த்துக் கேட்டன. லாரியில் இருபது வருடம் ஓட்டிய ஒருவர் பத்தாம் வகுப்பில் இடறியவராக இருந்தால் அந்த வாசல் அவருக்கு மூடியதுதான்.

வளைகுடாவுக்குப் போகும்போதும் அதே பத்தாம் வகுப்பு குறுக்கே வருகிறது. அதில் தேறாதவர் பாஸ்போர்ட்டில், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். இதை அவமானமாக நினைத்து, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வதைக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறிப்பு உண்மையில் ஒரு கவசம்: ஒப்பந்தம் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவாகும், பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் இரண்டாண்டுக்கு ரூ.275 கட்டினால் ரூ.10 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு வரும், பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்க முடியாது. இதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் கொடுத்துப் போனால், முதல் பல மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே போய்விடும்.

அங்கே சேர்ந்தபின்னும் சம்பளம் உடனே முழுதாக ஓடத் தொடங்காது. நம் ஊர் கனரக உரிமத்தை அமீரகத்தில் காட்டிவிட்டு ட்ரெய்லரை எடுக்க முடியாது; அங்கே பயிற்சி எடுத்துத் தேர்வில் தேற வேண்டும். அதுவரை வேறு வேலை செய்ய நேரலாம். பயிற்சிக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நடைப்படி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கத்தார் 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால் என்றும், முதலாளி தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அவற்றுக்கு முறையே 500, 300 ரியால் என்றும் சட்டம் வைத்திருக்கிறது. அது தரை, கனரக ஓட்டுநருக்கு அதற்கு மேல்தான் பேச்சு. ஆனால் விளம்பரத்தில் தெரியும் பெரிய தொகையில் நடைப்படியின் பங்கு அதிகம் என்றால், எல்லைச் சுங்கச் சாவடியில் பாலைவன வெயிலில் இரண்டு நாள் நிற்கும்போது அந்தப் பங்கு வராது. மும்பை புக்கிங் ஆபீஸ் வாசல் இடம் மாறிவிட்டது, அவ்வளவே. தங்குமிடம் முதலாளி பொறுப்பு என்பதால் மிச்சப்படுத்த முடிகிறது. வளைகுடாவின் உண்மையான சாதகம் அங்கேதான் இருக்கிறது.

போலந்து, லிதுவேனியா பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளாகக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. நாலரை மணி ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். இரு வாரத்துக்குச் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இதை வண்டியிலுள்ள டேகோகிராஃப் கருவி பதிந்துகொண்டே இருக்கும். வாரத்தின் நீண்ட ஓய்வை வண்டிக்குள்ளேயே படுத்து எடுக்கவும் அங்கே தடை. நம் ஊரில் ராத்திரி முழுக்க ஓட்டிப் பெயர் வாங்கியவருக்கு இது பழக வேண்டிய புதுத் தொழில். தொழில்முறை ஓட்டுநர் தகுதிச் சான்றும் அங்கே தனியாகப் பெற வேண்டும்.

அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுநர்களின் நடுநிலை ஆண்டு ஊதியம் 2024 மே கணக்கின்படி 57,440 டாலர். நாளுக்கு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அங்கும் நெடுந்தூர வண்டிகளில் மைலுக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் கூலி. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுபவர்களுக்கு மத்தியச் சட்டப்படியான ஓவர்டைம் உரிமையும் 1938-லிருந்தே கிடையாது. கிடங்கு வாசலில் நிற்கும் நேரத்துக்குக் காசு வேண்டும் என்பது அந்த ஊர் ஓட்டுநர்களின் தீராத வழக்கு.

இனி சொந்த லாரி. கொங்கு வட்டாரத்தில் ஓட்டுநராக இருந்து உரிமையாளர் ஆனவர்கள் ஏராளம். பலரும் மனதில் வைத்திருக்கும் உச்சப்படி அதுதான். பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு 1979-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பாதையை ஓட்டுநர்களுக்குத் திறந்துவிட்டன. வங்கி வாசலில் நிற்கவைக்கப்பட்டவருக்கு அவர்கள் கடன் தந்தார்கள்; வட்டியும் அதற்கேற்றபடி இருந்தது. செலவுப் பக்கத்தில் தவணை முதல் வரி. பிறகு 20 முதல் 40 டன் வரையிலான லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி ஆண்டுக்கு ரூ.43,950. டயர், காலாண்டு வரி, நேஷனல் பர்மிட், எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய தகுதிச் சான்றான எஃப்.சி. எஃப்.சி.க்கு வண்டியைப் பட்டறையில் விட்டால் வெல்டிங், பெயின்ட், பிரேக் என்று வண்டி சில நாள் நிற்கும். தவணைத் தேதி நிற்காது. மும்பையில் ஐந்து நாள் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருந்தால் ஓட்டுநராக இருந்தபோது போனது சாப்பாட்டுக் காசும் நாள் கூலியும். இப்போது அதோடு தவணையின் ஐந்து நாள் பங்கும், காப்பீட்டின் ஐந்து நாள் பங்கும், வேறு ஓட்டுநர் வைத்திருந்தால் அவருடைய படியும் சேர்ந்து போகின்றன. தானே ஓட்டுகிற உரிமையாளர் தன் கூலியைச் செலவில் எழுதாமல் விட்டு, கையில் நிற்பதை லாபம் என்று எண்ணிக்கொள்வது இந்த ஊரின் பழைய கணக்குப் பிழை. அதை எழுதிப் பார்த்தால் பல வண்டிகளில் லாபம் என்று ஒன்றும் இருக்காது. ஓட்டுநர் கூலிதான் வேறு பெயரில் நிற்கும்.

இரண்டு மூன்று வருடம் தவணையோடு மல்லுக்கட்டி வண்டியைக் கொடுத்துவிட்டவர்கள் அதோடு தொழிலை விடுவதில்லை. அவர்களில் பலரை நாமக்கல்லில் ஆக்டிங் டிரைவராகப் பார்க்கலாம். ஒரு வண்டியின் நிரந்தர ஓட்டுநருக்குக் காய்ச்சல், வீட்டில் கல்யாணம், பொங்கலுக்கு ஊர் என்றால் அந்த நடைக்கு மட்டும் ஏறும் ஆள். வருடம் முழுக்க வேலை கிடைக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை. காப்பீடு, வைப்பு நிதி எதுவும் இல்லை. ஆனால் ஏறுவதற்கு முன் அவர் பேசுவது நாள் கணக்கில். வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு இவ்வளவு, சாப்பாடு தனி, பாதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சாவியை எடுப்பார்.